தனியுரிமத் தளத்தில் கட்டற்ற மென்பொருள்: யாருக்காக, எந்த நிபந்தனையில்?

(கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த அமர்வுக்கு எனக்குத் தரப்பட்டுள்ள கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் சிறியது. கட்டற்ற மென்பொருளை எழுதுகிறவர்கள் அதை விண்டோஸ், மேக் போன்ற தனியுரிம இயங்குதளங்களிலும் இயங்கும்படி செய்து தர வேண்டுமா? அல்லது லினக்ஸ் முதலான கட்டற்ற தளங்களுக்கு மட்டுமே தம் உழைப்பைச் செலுத்த வேண்டுமா? இது நிரலாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் என்று சிலர் நினைக்கலாம். அப்படி ஒதுக்கிவிட முடியாது என்பதை நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு உணரப்பட்ட இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன.

2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரான பதினெட்டாவது தடைத் தொகுப்பை அறிவித்தது. குஜராத் மாநிலம் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்ட நயாரா எனர்ஜி நிறுவனமும் அதில் சேர்க்கப்பட்டது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு அதில் ஏறத்தாழ 49 சதவீதப் பங்கு உண்டு. சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட், நயாராவுக்கு அளித்துவந்த சேவைகளை நிறுத்தியது. உரிமத்துக்குப் பணம் செலுத்தியிருந்தும் தன் சொந்தத் தரவுகளையே எட்ட முடியாத நிலைக்கு உள்ளானதாகக் கூறி, அந்நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. அதன் பிறகே, ஜூலை மாத இறுதியில், சேவைகள் மீட்கப்பட்டன. நயாராவின் பங்குதாரர்களுக்காக இரங்கல் தீர்மானம் போட நாம் இங்கே கூடவில்லை. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி இயங்கும் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் அலுவலகச் சாவி வேறொரு நாட்டின் தனியார் நிறுவனத்தின் இடுப்பில் தொங்குகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இன்று நயாரா, நாளை ஒரு வங்கியோ, மருத்துவமனையோ, மாநில அரசின் கருவூலமோ அந்த இடத்தில் இருக்கலாம்.

இரண்டாவது, இவ்வளவு பேசப்படாத நிகழ்வு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் உள்ள கணினிகளையே அதிகாரப்பூர்வமாக ஏற்கிறது. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகள், பழுது எதுவும் இல்லாமலேயே, ஒரு நிறுவனத்தின் அறிவிப்பால் காலாவதி ஆகின்றன. பள்ளிக் கணினி அறையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் தெருமுனை அச்சகத்திலும் இருப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட கணினிகளே.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் நமக்கு முன் உள்ள கேள்வியைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாதங்கள்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்குள் இரண்டு நிலைப்பாடுகள் நெடுங்காலமாக மோதி வருகின்றன.

முதல் நிலைப்பாடு கூறுவது இது: விண்டோஸில் இயங்கும் ஒவ்வொரு நல்ல கட்டற்ற மென்பொருளும் விண்டோஸின் மதிப்பைக் கூட்டுகிறது. லிப்ரே ஆபீஸும் ஃபயர்பாக்ஸும் பிளெண்டரும் அங்கேயே கிடைக்குமானால், ஒருவர் ஏன் லினக்ஸுக்கு மாற வேண்டும்? நம் ஊதியமற்ற உழைப்பு ஏகபோகத்தின் மாளிகைக்கு வெள்ளையடிப்பதில் முடிகிறது.

இரண்டாவது நிலைப்பாடு கூறுவது: மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே நாம் செல்ல வேண்டும். இயங்குதளத்தை மாற்றுவது பலருக்குக் கடினம். ஒரு மென்பொருளை மாற்றுவது எளிது. முதலில் அதைச் செய்யட்டும். மற்றவை பின்னால் வரும்.

இரண்டிலும் உண்மை உண்டு. முதல் வாதத்தில் சுரண்டலைப் பற்றிய விழிப்பு இருக்கிறது. மக்களைப் பற்றிய அக்கறை குறைவு. இரண்டாவதில் மக்களைப் பற்றிய அக்கறை இருக்கிறது. சுரண்டலைப் பற்றிய விழிப்பு குறைவு. தனியுரிமத் தளத்தில் சிக்கியுள்ள மக்களுக்கு நாம் துணை நிற்க வேண்டும், அந்தத் தளத்தின் உரிமையாளருக்கு ஊழியம் செய்யக்கூடாது என்பதே என் கருத்து. இந்த இரண்டையும் பிரிக்கும் கோட்டை எங்கே வரைவது என்பதைத்தான் நாம் விவாதிக்க வேண்டும்.

வரலாறு காட்டும் வழி

ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை 1983 செப்டம்பரில் அறிவித்தார். முழுமையான கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்குவதே அதன் குறிக்கோள். ஆனால் அந்தத் தளத்தின் உட்கருவாக அமையப்போகும் லினக்ஸ் 1991இல்தான் பிறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் க்னூ மென்பொருள்கள் எங்கே இயங்கின? நிறுவனங்கள் விற்றுவந்த தனியுரிம யூனிக்ஸ் தளங்களில்தான் இயங்கின. 1985இல் வந்த க்னூ ஈமாக்ஸும் 1987இல் வந்த ஜி.சி.சி. கம்பைலரும் அங்கேதான் ஆயிரக்கணக்கான நிரலாளர்களின் கைகளுக்குப் பழகின. கட்டற்ற தளம் தயாராகும்வரை காத்திருப்போம் என்று இயக்கம் இருந்திருந்தால், அத்தளத்தைக் கட்டுவதற்கான கருவிகளே இருந்திருக்காது.

1990களின் தொடக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் சோலாரிஸ் தளத்துக்கு மாறியது. அதுவரை இயங்குதளத்துடன் சேர்த்துக் கொடுத்த சி கம்பைலரை அப்போது தனியே பிரித்து விலைக்கு விற்கத் தொடங்கியது. ஏராளமான பயனர்கள் ஜி.சி.சி.யை நோக்கி வந்தார்கள். முதலாளி தன் லாபத்துக்காகக் கதவைச் சாத்தியபோது, பக்கத்திலேயே திறந்த கதவு ஒன்று தயாராக இருந்தது. தனியுரிமத் தளத்தில் இருப்பது எந்தச் சூழலில் பயன்படும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் அந்தக் கதவை நிபந்தனை இல்லாமல் திறந்து வைக்கவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் நடத்திய நெக்ஸ்ட் நிறுவனம், ஆப்ஜெக்டிவ்-சி மொழிக்காக ஜி.சி.சி.யில் தான் சேர்த்த பகுதியை மூடி வைத்துக்கொள்ள விரும்பியது. ஜி.சி.சி.யின் உரிமம் அதற்கு இடம் தரவில்லை. நெக்ஸ்ட் தன் நிரலைத் திறந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தின் சாரம் இதுவே: பொதுச் சொத்திலிருந்து எடுத்து, மேம்படுத்தி, அதைப் பிறருக்கு வழங்குகிறவர், தான் பெற்ற அதே சுதந்திரத்தை அவர்களுக்கும் தர வேண்டும்.

இந்த நிபந்தனையின் வலிமையை மூலதனம் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. ஜி.பி.எல்.லின் மூன்றாம் பதிப்பு 2007இல் வந்தது. பயனர் தன் கருவியில் தான் திருத்திய நிரலை நிறுவிக்கொள்ளும் உரிமையையும், காப்புரிமை வழக்குகளிலிருந்து பாதுகாப்பையும் அது கூடுதலாக வலியுறுத்தியது. அதன்பின் ஆப்பிள் நிறுவனம் புதிய உரிமத்தின்கீழ் வந்த ஜி.சி.சி. பதிப்புகளை ஏற்கவில்லை. திறந்த மூலமாக இருந்தும் இந்த நிபந்தனையை விதிக்காத கிளாங் கம்பைலரில் முதலீடு செய்து, அதற்கு மாறியது. மேக் கணினிகளில் பேஷ் மென்பொருளின் பழைய பதிப்பையே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, 2019இல் இயல்பான முனையத்துக்கு வேறொன்றைக் கொண்டுவந்தது. இலவசமாகக் கிடைக்கும் நிரலை நிறுவனங்கள் விரும்பியே எடுத்துக்கொள்கின்றன. பகிர்ந்துகொள்ளும் கடமையும் சேர்ந்து வரும்போதுதான் விலகி ஓடுகின்றன. ஆகவே, எந்தத் தளத்தில் நம் மென்பொருள் இயங்குகிறது என்பதைப் போலவே, எந்த உரிமத்தின்கீழ் இயங்குகிறது என்பதும் முதன்மையான கேள்வி.

மக்கள் இருக்கும் இடம்

1920இல் லெனின் ‘இடதுசாரி கம்யூனிசம்: இளம்பருவக் கோளாறு’ நூலை எழுதினார். பிற்போக்குத் தலைமைகளின் கையில் உள்ள தொழிற்சங்கங்களில் கம்யூனிஸ்டுகள் வேலை செய்யலாமா என்பது அதில் அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளுள் ஒன்று. தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆகவே அங்கே வேலை செய்தே ஆக வேண்டும் என்பது அவர் விடை. மென்பொருளைத் தொழிற்சங்கத்தோடு ஒப்பிட எல்லை உண்டு என்பதை நான் அறிவேன். ஆயினும், தூய்மையைக் காப்பதற்காக மக்களை விட்டு விலகுவது பற்றிய அந்த எச்சரிக்கை இங்கும் பொருந்துகிறது.

நம் ஊர்களில் விண்டோஸ் பயன்படுத்துகிறவர் யார்? கணக்கு எழுதும் ஊழியர் டாலி மென்பொருளில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அது விண்டோஸுக்கானது. அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவர் ஃபோட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் பழகியவர். அலுவலகக் கணினியில் எந்த இயங்குதளம் இருக்க வேண்டும் என்பதை முதலாளி முடிவு செய்கிறார். வீட்டுக்குக் கணினி வாங்கினால், கடைக்காரர் ஏற்கனவே விண்டோஸைப் போட்டுத்தான் தருகிறார். பல நேரங்களில் அது கள்ளப் பிரதி. அந்தக் கள்ளப் பிரதியும் ஏகபோகத்துக்கு நட்டமில்லை. பழக்கத்தை அது இலவசமாக வளர்த்துக் கொடுக்கிறது. இவர்களில் யாரும் ஏகபோகத்தின் ஆதரவாளர்கள் அல்லர். இவர்களுக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பே தரப்படவில்லை. ‘நீ விண்டோஸில் இருப்பதால் உனக்கு என் மென்பொருள் இல்லை’ என்று இவர்களிடம் கூறினால், தண்டனை மைக்ரோசாப்டுக்குப் போய்ச் சேராது.

தமிழில் தட்டச்சு செய்ய உதவிய இ-கலப்பை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. பின்னர் அது கட்டற்ற மென்பொருளாக வெளிவந்து, பலரின் கணினியில் தாய்மொழியைக் கொண்டுவந்து சேர்த்தது. அதை எழுதியவர்கள் ஏகபோகத்துக்குச் சேவகம் செய்தார்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு உதாரணம். விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் முடித்தது. கூகுளின் குரோம் உலாவி 2023 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. கட்டற்ற உலாவியான ஃபயர்பாக்ஸ், தன் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் வழியாக, 2025ஆம் ஆண்டிலும் விண்டோஸ் 7 பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கியது. தளத்தின் உரிமையாளரே கைவிட்ட பயனரைக் கட்டற்ற மென்பொருள் கைவிடவில்லை. பழைய கணினியை மாற்ற வசதியில்லாதவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அது மட்டுமல்ல. இன்று விண்டோஸ் 10இல் தவிக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், வி.எல்.சி., இங்க்ஸ்கேப் ஆகியவற்றில் பழகியவர். மற்றவர் மைக்ரோசாப்ட் ஆபீஸையும் அடோபி மென்பொருள்களையும் மட்டுமே அறிந்தவர். முதலாமவரின் கணினியில் ஒரே மாலையில் லினக்ஸை நிறுவிவிடலாம். மறுநாள் காலை அதே மென்பொருள்களைத் திறந்து, அதே கோப்புகளில் அவர் வேலையைத் தொடர்வார். இரண்டாமவருக்கோ எல்லாமே புதிது. விண்டோஸ் பதிப்பு ஓர் ஏணி என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ஏணியைச் சாத்தி வைத்தால் போதாது. ஏறி வருவோரின் கையைப் பிடித்து மேலே தூக்க அங்கே ஆள் இருக்க வேண்டும். அது நிரலாளரின் வேலை மட்டுமன்று, இயக்கத்தின் வேலை.

யாருடைய உழைப்பு?

இங்கே தன்னார்வ நிரலாளரின் பக்கத்தையும் பேசியாக வேண்டும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் பதிப்பு வெளியிடுவது எளிய வேலையல்ல. ஆப்பிளின் உரிம விதிகளின்படி அதன் இயங்குதளத்தை ஆப்பிள் கணினியில் மட்டுமே இயக்கலாம். ஆகவே சோதித்துப் பார்ப்பதற்கே விலையுயர்ந்த கணினி ஒன்று வேண்டும். ஆப்பிளின் சான்றொப்பம் பெற்று வெளியிட வேண்டுமானால் ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம். சான்றொப்பம் இல்லாவிட்டால் ‘இதை நம்பாதே’ என்ற தோரணையில் பயனரை அந்தத் தளம் எச்சரிக்கும். தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்து எழுதுகிறவர், கைக்காசையும் போட்டு, அந்த நிறுவனத்திடமே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

மறுபுறம், இந்த உழைப்பின் மீது யார் உரிமை கொண்டாடுகிறார்கள்? உலகின் காணொளிச் சேவைகள் பலவற்றின் அடியில் இயங்குவது எஃப்.எஃப்.எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருள். 2024 ஏப்ரலில் அத்திட்டத்தினர் ஒரு செய்தியைப் பொதுவெளியில் பகிர்ந்தார்கள். மைக்ரோசாப்ட் தன் டீம்ஸ் மென்பொருளில் எழுந்த சிக்கலைத் தீர்க்க, முன்னுரிமை கொடுக்கும்படி அவர்களிடம் கேட்டது. நீண்டகால ஆதரவு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று திட்டத்தினர் கேட்டதற்கு, ஒருமுறை மட்டும் சில ஆயிரம் டாலர் தர அந்நிறுவனம் முன்வந்ததாம். இணையப் பரிமாற்றத்தின் பாதுகாப்பையே தாங்கிநின்ற ஓப்பன் எஸ்.எஸ்.எல். திட்டத்துக்கு, 2014இல் ஹார்ட்பிளீட் வழு வெளிப்படும்வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. பல்லாயிரம் கோடி வணிகம் அதன்மீது நடந்துகொண்டிருந்தது.

இதற்குப் பெயர் உபரி உழைப்பைக் கைப்பற்றுவது. கூலியே இல்லாததால் அது சுரண்டல் இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே, ‘என்னிடம் விண்டோஸ் கணினி இல்லை; அதற்கான வழுக்களை நான் சரிசெய்ய மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு தன்னார்வலருக்கும் உண்டு. மூல நிரல் திறந்திருக்கிறது; வேண்டியவர் எடுத்துச் செய்துகொள்ளலாம். சாதாரணப் பயனருக்காக அந்த வேலையைச் செய்ய முன்வருவது தோழமை. நிறுவனம் கேட்டால், அது கூலிக்குரிய வேலை. மென்பொருள் ஊழியர் சங்கங்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பேசத் தொடங்க வேண்டும்.

கேள்வியைத் திருப்பிக் கேட்போம்

நம்மிடம் இக்கேள்வியைக் கேட்பவர்களிடம் நாம் ஒன்றைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஊதியமின்றி எழுதும் நிரலாளர் எல்லாத் தளங்களையும் ஆதரிக்க வேண்டும் என்றால், மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் அரசு மென்பொருள் ஏன் கட்டற்ற தளங்களை ஆதரிப்பதில்லை?

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கு, மைக்ரோசாப்ட் எக்செலின் மேக்ரோக்களை நம்பிய படிவங்களைத் துறை ஆண்டுக்கணக்கில் வழங்கிவந்தது. சட்டம் விதிக்கும் கடமையை நிறைவேற்ற ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளின் பக்கம் குடிமக்களைத் தள்ளுவது எந்த நியாயத்தில் சேரும்?

கொள்கை இல்லாமல் இல்லை. மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கை 2010இல் வந்தது. அரசு மென்பொருள் கொள்முதலில் திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தரும் கொள்கையை ஒன்றிய அரசு 2015இல் வெளியிட்டது. பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை, ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளின் ஆதரவோடு உருவாக்கியிருக்கிறது. மின்-நீதிமன்றத் திட்டத்தில் உபுண்டு லினக்ஸ் பயன்படுகிறது. ஆனால் விலக்குக்கு இடம்வைத்து எழுதப்பட்ட கொள்கையில், விலக்கே வழக்கமாகிவிடுகிறது. ‘தற்சார்பு’ என்ற முழக்கத்தை மேடைதோறும் ஒலிப்பவர்கள், அலுவலகக் கணினியைத் திறக்கும்போது அந்த முழக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

அரசியல் உறுதி இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. அங்கே பள்ளிகளில் கணினிக் கல்வி தொடங்கிய காலத்தில், தனியுரிம மென்பொருளை மட்டும் கற்பிப்பதற்கு ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக் காலத்தில் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. ஆசிரியர்களுக்குப் பெருமளவில் பயிற்சி தரப்பட்டது. 2019இல் புதிய லினக்ஸ் பதிப்பைப் பள்ளிகளில் நிறுவியபோது, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கான உரிமச் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் மதிப்பிட்டது.

இந்தக் கேரள அனுபவம் நம் கேள்விக்கும் வெளிச்சம் தருகிறது. பள்ளியில் லினக்ஸில் கிம்ப்பும் லிப்ரே ஆபீஸும் கற்கும் குழந்தையின் வீட்டில் விண்டோஸ் கணினி இருக்கலாம். அங்கேயும் அதே மென்பொருள்கள் இயங்குவதால் வீட்டுப்பாடம் தடைப்படுவதில்லை. பொதுத்துறையில் கட்டற்ற தளம், வீட்டில் கட்டற்ற மென்பொருள் என இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. அரசு உறுதியாக நிற்கும் இடத்தில், விண்டோஸ் பதிப்பு நம்மைப் பலவீனப்படுத்துவதில்லை.

கதவே மூடப்பட்டால்?

தோழர்களே, இந்த விவாதத்தைக் கணினியோடு நிறுத்திவிட முடியாது. கணினியில் ஆதரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையாவது நம்மிடம் இருக்கிறது. கைப்பேசியில் அந்த உரிமையே பறிபோகிறது.

வி.எல்.சி. காணொளி இயக்கி 2010இல் ஐபோனுக்கு வந்தது. ஆப்பிள் கடையின் விதிகள், நிரலைத் தடையின்றிப் பகிரும் உரிமையைத் தரும் ஜி.பி.எல். உரிமத்தோடு முரண்படுவதாக அதன் உருவாக்குநர்களில் ஒருவர் ஆட்சேபித்தார். 2011 ஜனவரியில் ஆப்பிள் அதை நீக்கியது. தன் விதியை ஆப்பிள் மாற்றிக்கொள்ளவில்லை, வி.எல்.சி. திட்டமே தன் உரிமத்தைத் தளர்த்திக்கொண்டு 2013இல் திரும்பி வந்தது. எந்தப் பக்கம் வளைந்தது என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. அந்தச் சந்தையில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் கூகுள் 2025 ஆகஸ்டில் இன்னொன்றை அறிவித்தது: தன் கடைக்கு வெளியே செயலி வழங்குகிறவர்களும் தம் அடையாளத்தைத் தன்னிடம் பதிவுசெய்ய வேண்டும், முதலில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் 2026இல் இது நடைமுறைக்கு வரும். கட்டற்ற செயலிகளை வழங்கும் எஃப்-டிராய்டு கடுமையாக எதிர்த்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு சில தளர்வுகள் பேசப்பட்டன. யார் நிரலாளர் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு நிறுவனத்திடம் போகுமானால், ஆதரிப்பதா வேண்டாமா என்ற நம் கேள்விக்கே பொருளில்லாமல் போகும். தன் கருவியில் தான் விரும்பும் மென்பொருளை நிறுவும் உரிமையைச் சட்டத்தின் மூலம் உறுதிசெய்வது, ஆகவே, உடனடிக் கோரிக்கையாகிறது.

நம் பணிகள்

தொகுத்துச் சொல்கிறேன். தனியுரிமத் தளத்தில் உள்ள உழைக்கும் மக்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கிடைக்க வேண்டும். அதற்கு நிபந்தனைகள் உண்டு. எந்தப் புதிய வசதியும் கட்டற்ற தளத்தில் முதலில், குறைந்தது அதே நேரத்தில், வர வேண்டும். க்னூ ஈமாக்ஸ் திட்டம் இவ்விதியை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறது. உரிமம், பொதுச் சொத்தைப் பூட்டிவைக்க இடம் தராததாக இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கான வேலைக்கு நிறுவனங்கள் கூலி தர வேண்டும். வரிப்பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு மென்பொருளும் கட்டற்ற தளத்தில் இயங்கியாக வேண்டும். அதன் மூல நிரலும் மக்களுக்கே உரியதாக வேண்டும்.

இவற்றோடு, நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. விண்டோஸ் 10 கைவிடப்பட்டதால் குப்பைக்குப் போகவிருக்கும் கணினிகள் நம் தொழிற்சங்க அலுவலகங்களிலும் நூலகங்களிலும் பள்ளிகளிலும் இருக்கின்றன. முதலில் அவற்றில் கட்டற்ற மென்பொருள்களை நிறுவிப் பழக்குங்கள். கை பழகியதும் இயங்குதளத்தை மாற்றுங்கள். பழகும்வரை, வாரம் ஒருமுறை போய் உடன் அமருங்கள். இங்கே கூடியிருக்கும் ஒவ்வொருவரும் ஓர் அலுவலகத்தை, ஒரு பள்ளியைப் பொறுப்பேற்றால், இந்தக் கருத்தரங்கின் விவாதம் நடைமுறையில் விடை பெறும்.